இடது இருக்கைக்கு ஒரு கூண்டு

அம்பாசமுத்திரம் லாரி பார்சல் ஆபீசில் அந்தக் குழாய்க் கட்டைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். சுமை இறக்குகிறவர் ஊஞ்சல் சட்டம் என்றார். துணிப் பொதி எடுக்க வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் பந்தல் கால் என்றார். சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இரும்புக் குழாய்கள் அவை. நெஞ்சுயரத்துக்கு வளைந்த ஒன்று பெரிதாக, மற்றவை நேராகவும் கோணலாகவும். கூடவே சதுரத் தகடுகள் அடுக்கிய கனமான அட்டைப்பெட்டி ஒன்று. இது பந்தயக் காருக்குள் பொருத்துகிற கூண்டு, ரோல் கேஜ் என்பார்கள், கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கித் தலையில் இறங்காமல் தாங்கும் என்று என் கொழுந்தன் பொறுமையாக விளக்கினான்.

பார்சல் ஆபீஸ் அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கவுக்காம ஓட்டலாம்லா?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலும் சில மாதங்களாக அதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, குழாய்க் கட்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றினோம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு அம்பாசமுத்திரத்தில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். விடைத்தாள் திருத்துவது, மறுநாள் பாடம் தயாரிப்பது எல்லாம் பஸ்ஸில்தான் நடக்கும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் எனக்குத் தலை சுற்றாது. அது ஒரு திறமை என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. என் கணவர் ஓடுகிற வண்டியில் செல்போனில் மணி பார்த்தாலே வாந்தி எடுப்பார்.

அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், ஊர் எல்லையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறான். கல்லூரி நாளிலிருந்தே கார் ராலிப் பித்து. மண் பாதைகளில் நேரம் பார்த்து ஓட்டுகிற பந்தயம் அது. ஓட்டுகிறவன் வலப்பக்கம் இருப்பான். இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கம், மேடா பள்ளமா என்று வாசித்துக்கொண்டே வரவேண்டும். அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்த நண்பன் துபாய்க்குப் போய்விட்டான். அந்தச் சமயம் ஒரு நாள், பஸ் ஓடவில்லை என்று பாளையங்கோட்டைக்கு வந்து என்னைக் காரில் கூட்டிவந்தான். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த பகுதியில் கார் துள்ளத் துள்ள, நான் மடியில் வைத்து வகைநுண்கணிதம் திருத்திக்கொண்டே வந்தேன். அவன் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"மதினி, ஒங்களுக்குத் தல சுத்தலையா?"

"இல்லையே தம்பி. ஏன்?"

அப்படித்தான் நான் ராலிக்குள் வந்தேன். எங்கள் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதினோம். "இடம் மூணு, மேடு, வலம் அஞ்சு" என்று. எண் சிறிதாகச் சிறிதாக வளைவு நெருக்கம். வள்ளியூர்ப் பக்கம் கரன்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடிகளுக்குப் போகிற செம்மண் பாதைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். சின்னச் சின்னப் பந்தயங்களில் கலந்துகொண்டோம், ஒன்றில் பரிசுகூட வந்தது. நான் சொல்வதை இம்மி பிசகாமல் கேட்டு உடனே செய்கிற ஒரே மனிதன் அந்தக் காருக்குள் மட்டும்தான் இருந்தான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் சரி, வீட்டிலும் சரி, எனக்கு அது வாய்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் கார் கவிழ்ந்தது. அன்று எனக்குப் பரீட்சை மேற்பார்வை. அவன் தனியாகப் போய், வற்றிக் கிடந்த ஒரு குளத்தின் தரையில் காரைச் சுழற்றிப் பழகியிருக்கிறான். பக்கவாட்டில் சறுக்கிய சக்கரம் பொலபொலத்த மண்ணில் புதைந்து, கார் ஒரு முறை புரண்டு நின்றுவிட்டது. அவனுக்குத் தோள்பட்டையில் காரை எலும்பு முறிந்தது. வேறொன்றும் இல்லை. நசுங்கிய வண்டியை லாரியில் ஏற்றி அவன் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் கூரை கொஞ்சம் நெளிந்திருந்தது, அவ்வளவுதான். இடப்பக்கம் அது இருக்கையின் தலைச்சாய்வு வரைக்கும் இறங்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. இடுக்கில் கையை நுழைத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. அது என் இருக்கை.

எனக்குப் பின்னால் அத்தை நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என் மாமியார் அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அந்த இடுக்கைப் பார்த்தார். மகனைத் திட்டவில்லை. திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினார். வீட்டுக்கு வந்து, காயை நறுக்க உட்கார்ந்தபோதுதான் கேட்டார்.

"பரீச்ச டூட்டி இல்லன்னா நீ போயிருப்பேல்லா?"

"போயிருப்பேன் அத்தை."

அவர் தலையாட்டிக்கொண்டு காயை நறுக்கினார். 

காரை விற்றுவிடலாம் என்றார் என் கணவர். கொழுந்தனும் சரி என்றான். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் வேண்டாம் மதினி என்றான். ஆமாம், வேண்டாம் என்று நானும் சொல்ல முடியவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. பயம் இருந்தது. அந்த இடுக்கு கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அந்த இடுக்கு ஒரு கணக்கு மாதிரியும் இருந்தது. கூரை இறங்குகிறது என்றால், இறங்காமல் செய்ய ஒரு வழி இருந்தாக வேண்டும். பெரிய பந்தயங்களில் கூண்டு இல்லாத காரை உள்ளேயே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூண்டு போட்டால் உட்காருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொன்னேன்.

முதலில் திருநெல்வேலியில் கார் அலங்காரச் சாமான் விற்கிற ஒரு கடையில் விசாரித்தோம். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பளபளவென்று பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, கொழுந்தன் தன் கடையிலிருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து நெம்பினான். ஒரு பக்கம் தையல் விட்டதுபோலப் பிளந்தது. ஒட்டுப்போட்ட குழாய். தையலே இல்லாமல் இழுத்த எஃகுக் குழாய்தான் வேண்டும் என்று தெரிந்து, கடைசியில் கோயம்புத்தூரில் கூண்டு செய்கிற ஒருவரைப் பிடித்தோம்.

அவர் போனில் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. என்ன கார், எந்த வருடம் என்று ஆரம்பித்து, உட்காருகிற இரண்டு பேரின் உயரம், ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சி வரைக்கும் எவ்வளவு என்று கேட்டார். அதனால் ஒரு சாயங்காலம் நானும் கொழுந்தனும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஹெல்மெட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, என் கணவர் தச்சு டேப்பைப் பிடித்து அளந்தார். அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எனக்குத் தெரியவில்லை.

கவிழ்ந்த காரில் கூண்டு பொருத்தக் கூடாது. அதன் உடம்பே கோணிவிட்டிருக்கும். ஆகவே அதே மாதிரியில் இன்னொரு பழைய கார் தேடினோம். திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ்காரரிடம் கிடைத்தது. எஞ்சின் நன்றாக இருந்தது, வெளியே ஒரு கீறல் இல்லை. பாதி விலைக்குத் தருகிறாரே என்று சந்தோஷப்பட்டோம்.

குழாய்க் கட்டு வந்த பிறகுதான் அந்தக் காரைப் பிரித்தோம். கூண்டு போடுவதற்கு முன்னால் காரின் உள்ளே இருக்கிற அத்தனையும் வெளியே வரவேண்டும். இருக்கைகள், கூரைத் துணி, கதவு அட்டைகள், தரைவிரிப்பு. விரிப்புக்கு அடியில் இலை விபூதி, ஹேர்பின், ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு, நிறையக் கடல் மணல். லாட்ஜுக்கு வந்தவர்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து, உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் விரிப்பில் ஊறியிருக்கிறது. இடப்பக்கத் தரையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது.

கூண்டின் முன்கால் நிற்க வேண்டிய இடம் அது. கூண்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிற்கிற தரை துருவாக இருந்தால், கவிழும்போது கால் தரையைக் குத்திக்கொண்டு வெளியே போய்விடும். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்தன் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு குத்தவைத்திருந்தான். வேறு கார் தேடுவோமா என்று கேட்டான். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாமா என்று நான் கேட்டேன். அதற்கு வெல்டிங்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றான்.

கல்லிடைக்குறிச்சி போகிற ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் கட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற அண்ணாச்சி காரைச் சுற்றிவந்து பார்த்தார். தரையை மாற்றிவிடலாம், அது பெரிய வேலை இல்லை என்றார். கூண்டைப் பற்றித்தான் தயங்கினார். இந்த வேலையை அவர் இதற்கு முன் செய்ததில்லை, செய்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

"டிரெய்லர்ல பத்த வச்ச ஒட்டு விட்டுப்போனா நெல்லு ரோட்டுல கொட்டும். அள்ளிக்கிடலாம்," என்றார். "இது அப்பிடியில்ல பாத்துக்கோங்க. எனக்கு ரெண்டு துண்டு தாங்க. மொதல்ல அதுல போட்டுப் பாக்கேன்."

கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்லி அதே குழாயில் வெட்டுத் துண்டுகள் வாங்கினோம். அண்ணாச்சி இரண்டை ஒட்டினார். வெளியே பார்க்கச் சீராக, மீன் செதில் மாதிரி இருந்தது. நடுவில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு பக்கம் இரும்பு உருகிச் சேரவே இல்லை, மேலே பூசினதுபோல உட்கார்ந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது. கரன்ட்டை ஏற்றினார், கம்பியை மாற்றினார், கையை நகர்த்துகிற வேகத்தைக் குறைத்தார். அந்தச் சனிக்கிழமை முழுக்க ஒட்டுவதும் அறுப்பதுமாகப் போனது. நான் கோயம்புத்தூர்க்காரர் அனுப்பிய வரைபடத்தை வாசித்து, எந்த மூட்டு எந்தக் கோணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் அறுத்த துண்டில் இரண்டு குழாய்க்கும் நடுவே கோடே தெரியவில்லை. அதைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டியைக் கொண்டாங்க என்றார்.

தரையில் ஒட்டியிருந்த தார் அட்டைகளைச் சுரண்டி எடுக்கிற வேலை மட்டும் எங்களுக்கு. சத்தம் குறைவதற்காகக் கம்பெனியில் ஒட்டுவது அது. சூடு காட்டிக் காட்டிச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் தீயில் புகையும். என் கணவர் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். மேற்கே மலையில் சாரல் பிடித்து, காற்று பட்டறைக்குள் ஈரமாக வந்துகொண்டிருந்தது. அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம், இருக்கைகள் இல்லாத காருக்குள் சம்மணம் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.

"ஒனக்குப் பயமே கெடயாதா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"இருக்கு."

"பொறவு?"

"வாசிக்க ஆரம்பிச்சா அதுக்கு எடம் இல்ல. அடுத்த வளைவச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் சுரண்டிய தாரைக் கதவுக்கு வெளியே தட்டிவிட்டார். பிறகு, பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வாந்தியை அடக்கிவரும்போது நான் பக்கத்தில் விடைத்தாள் திருத்துவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும் என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அதை அவர் சொன்னதே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

பெரிய வளைவைக் காருக்குள் நுழைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பின்கதவு வழியாகச் சாய்த்து, திருப்பி, மறுபடியும் சாய்த்துத்தான் உள்ளே போனது. எழுப்பி நிறுத்தினால் கூரையோடு ஒரு விரல் இடைவெளிதான். குழாயின் மேல்புறத்தை எப்படி ஒட்டுவது, கை போகாதே என்று நான் கேட்டேன். அதற்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த சாமானிலேயே வழி இருந்தது. கூண்டு நேராகத் தரையில் நிற்காது, பெட்டி போன்ற சின்ன இரும்புப் பீடங்கள் மேல் நிற்கும். முதலில் பீடம் இல்லாமல் கூண்டைத் தாழ இறக்கி வைத்து மேல் மூட்டுகளைச் சுற்றிலும் ஒட்டிவிட வேண்டும். பிறகு ஜாக்கி வைத்து மொத்தக் கூண்டையும் தூக்கி, அடியில் பீடங்களைத் தள்ளி, அவற்றைத் தரையோடு ஒட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி, நனைத்த சாக்குகளை விரித்துவிட்டு அண்ணாச்சி முகமூடியை இறக்கினார். நாங்கள் வெளியே முதுகைக் காட்டி நின்றோம். எதிரே வயல் பச்சையில் வெல்டிங் வெளிச்சம் நீலமாக விட்டு விட்டு விழுந்தது.

எல்லாம் முடிந்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, புது இருக்கைகளைப் பொருத்தி, தலை படக்கூடிய இடங்களில் குழாய்க்குத் தடித்த உறை போட்டு, காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். அத்தை வெளியே வந்து பார்த்தார். என் இருக்கையில் உட்கார வேண்டும் என்றார். கதவுக் குறுக்குக் கம்பிகளைத் தாண்டி ஏறுவது எனக்கே சிரமம். அவர் சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் போட்டு, கம்பியைப் பிடித்து, பைய உள்ளே இறங்கிவிட்டார். பெல்ட்டுகளை மாட்டச் சொன்னார். மாட்டினேன். கூரையைத் தொட்டார். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து, எங்கே இடிக்கிறது என்று பார்த்தார்.

"இங்கன ஒற போதாது," என்று தன் காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். "ஹெல்மெட் இல்லாம ஒருத்தரும் இந்த வண்டியில ஏறக் கூடாது. தெருமுக்குக்குப் போனாலும் சரி. இந்தக் கம்பி ரெண்டு பக்கமும் வேல செய்யும், கேட்டியா."

அவர் சொன்னது சரி. கவிழும்போது காப்பாற்றுகிற கம்பியே, ஹெல்மெட் இல்லாத தலைக்குச் சாதாரண பிரேக்கில்கூட எமன். உறையை நீட்டினோம். அன்றிலிருந்து கொழுந்தன் பெட்ரோல் போடப் போனாலும் காருக்குள் ஹெல்மெட்டோடு போனான். பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏலே, காரு பறக்குமாலே?" என்று கேட்டாராம்.

ஆனி மாதக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தபோது, வள்ளியூருக்குத் தெற்கே அந்தப் பந்தயம் நடந்தது. ஓடவிடுவதற்கு முன் கார்களைச் சரிபார்க்கிற பரிசோதகர் காருக்குள் ஏறி மூட்டுகள் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயின் தடிமன் பார்ப்பதற்கென்றே துளைத்து வைத்திருந்த சின்ன ஓட்டையில் அளவுகோலை விட்டுப் பார்த்தார். யார் ஒட்டியது என்று கேட்டார். டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறவர் என்று சொல்லலாமா என்று கொழுந்தன் என்னைப் பார்த்தான். சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார், ஆனால் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், காத்தாடி ஒன்றின் அடியைச் சுற்றிப் போகிற பாதை. "இடம் நாலு, நீளம்" என்று வாசித்தேன். அவன் அப்படியே எடுத்தான். முன்னால் போன கார் ஏதோ ஒன்று வளைவின் உட்புறத்திலிருந்து ஒரு கல்லைப் பாதைக்குள் இழுத்துப் போட்டிருந்தது. அது என் குறிப்பில் இல்லை. முன்சக்கரம் அதில் ஏறிய சத்தம் கேட்டது. பிறகு வானமும் செம்மண்ணும் கண்ணாடியில் இடம் மாறின. புரளும்போது ஆச்சரியமாக நிறைய நேரம் இருந்தது. கையை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், மடக்கிக்கொண்டேன். ஒருமுறை சுற்றி, இன்னொரு பாதிச் சுற்றில், தலைகீழாக நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டான். தூசி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, விரல் இன்னும் அதே வரியில் இருக்க, நான் "வலம் மூணு" என்று அடுத்ததை வாசித்தேன்.

"மதினி," என்றான் கொழுந்தன் மெதுவாக. "நின்னுட்டோம்."

"சரி."

"வலிக்கா?"

"முழங்கை. வேற ஒண்ணும் இல்ல. ஒனக்கு?"

"இல்ல. பெல்ட்ட சடார்னு கழட்டிராதிய. ஒரு கைய மேல ஊனிக்கிடுங்க. மேலன்னா, கீழ."

கூரையில் கையை ஊன்றினேன். என் தலைக்கும் கூரைக்கும் நடுவே, நாற்காலியில் உட்கார்ந்து அளந்தபோது இருந்த இடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள், பின்னால் வருகிற காருக்குத் தெரியும்படி எச்சரிக்கை முக்கோணத்தைப் பாதையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவனை அழ விட்டுவிட்டு, தலைக்குமேல் காத்தாடியின் இறக்கைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு நானேதான் போன் செய்தேன். வேறு யாராவது சொல்லித் தெரியக் கூடாது என்று தோன்றியது. கவிழ்ந்துவிட்டது, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.  அந்தப் பக்கமிருந்து அவருடைய பழைய நர்ஸ் குரல் வந்தது. கழுத்தைத் திருப்பச் சொன்னார், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார், கை கால் எங்காவது மரத்திருக்கிறதா என்று கேட்டார். கொழுந்தனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவனிடமும் அதையெல்லாம் கேட்டார். திரும்ப என்னிடம் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்தக் கம்பி நின்னுச்சா?"

"நின்னுச்சு அத்தை."

"சரி. பைய வாங்க."

பரிசோதகர் வந்து பார்த்தார். கூரையை ஒட்டிப் போகிற இடப்பக்கக் குழாய் ஒரு கட்டைவிரல் அளவுக்கு உள்ளே வளைந்திருந்தது. மூட்டுகள் ஒன்றும் விடவில்லை. இருந்தாலும் ஒரு தடவை வளைந்த கூண்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, இந்தக் காரிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள் என்றார். அத்தனை நாள் வேலையும் சில நொடிகளுக்குத்தான். அதைக் கேட்டபோது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

பட்டறையில் அண்ணாச்சி வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்த்தார். மேல் மூட்டுகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எங்கும் மயிரிழை விரிசல் இல்லை. "புடிச்சிருக்கு வே," என்று கொழுந்தனிடம் சொன்னார். பிறகு வெட்டுகிற கட்டரை எடுத்து, ஒரு முற்பகலுக்குள்ளேயே முழுக் கூண்டையும் துண்டு போட்டு வெளியே அடுக்கிவிட்டார்.

நான் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பெல்ட் அழுத்திய தோள் கன்றிப்போயிருந்தது. கரும்பலகையில் மேலே எழுத முடியாமல் பாதிப் பலகைக்குக் கீழேயே எழுதினேன். பிள்ளைகள் என்ன டீச்சர் என்று கேட்டார்கள். விழுந்துவிட்டேன் என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுபடியும் உட்காருவீர்களா என்று கொழுந்தன் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கடைசியில் கோயம்புத்தூர்க் கூண்டுக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். அவர் முதலில் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார், பிறகு வளைந்த குழாயின் படங்களை அனுப்பச் சொன்னார். இடப்பக்கக் கதவுக் கம்பியில் என் முழங்கை இடித்ததைச் சொன்னேன். அடுத்ததில் அதைக் கொஞ்சம் தாழ்த்தித் தருவதாகச் சொன்னார். வேறு கார், வேறு கூண்டு என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை அண்ணாச்சி சோதனைத் துண்டு கேட்கவில்லை, ஆனாலும் நாங்கள் கொடுத்தோம், அவரும் அறுத்துப் பார்த்தார்.

அடுத்த வருடப் பந்தயத்துக்கு அத்தையும் வந்தார். வருகிறேன் என்று முந்தின நாள்தான் சொன்னார். பந்தயம் பார்க்க அவருக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. காத்தாடிக் காற்றில் குடை நிற்காததால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாச் சுற்றும் ஓட்டி முடித்தோம். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வருகிற இடம்தான். ஆனால் முடித்தோம்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தேடிப் போனபோது, அத்தை ஆம்புலன்ஸில் வந்திருந்த சின்ன வயது நர்ஸுக்கு, ஹெல்மெட் போட்டவர் கழுத்தை அசைக்காமல் அதை எப்படிக் கழற்ற வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இழுக்க வேண்டுமாம். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். என்னை, பிறகு அவனை. ஃபிளாஸ்க்கில் காப்பி இருக்கிறது என்று கண்ணால் காட்டிவிட்டு, திரும்பி அந்தப் பெண்ணிடம் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.